உப்பும் வெல்லமும் உயிர் காத்த கதை

தண்ணீர், உப்பு, வெல்லம். இந்த மூன்றும் இல்லாத வீடு உண்டா? குடிசையிலும் உண்டு, மாடி வீட்டிலும் உண்டு.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே வங்காளதேசம் தன் குழந்தைகளைச் சாவின் வாயிலிருந்து மீட்டது. மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் டாக்டர்கள். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், ஓரளவே படித்த இளம் பெண்கள்!

பேதி எப்படிக் கொல்கிறது?

பேதி கண்ட குழந்தையின் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றன. கண் குழி விழுகிறது. நாக்கு உலர்கிறது. காலராவாக இருந்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும்.

போன நீரைத் திருப்பிக் கொடுத்தால் நோயாளி பிழைப்பார் என்பது டாக்டர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். ஆனால் நரம்பில் ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாக உப்பு நீர் ஏற்ற வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், நர்சு வேண்டும், பணம் வேண்டும். ஏழை எங்கே போவான்?

உப்பு நீரைக் குடிக்கக் கொடுத்தால் போதாதா? போதாது. பேதி கண்ட குடல் அதைச் சரியாக ஏற்பதில்லை. ஆனால் அதோடு சர்க்கரையைச் சேர்த்தால், சர்க்கரை உப்பையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறது. உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது.

1968-ல் டாக்கா காலரா ஆராய்ச்சிக் கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள், நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஊசி வழியே ஏற்றும் நீரின் தேவை வெகுவாகக் குறைந்தது.

அகதி முகாமில் சோதனை

1971-ல் வங்காளதேச விடுதலைப் போர் மூண்டது. அகதிகள் சாரி சாரியாக இந்தியாவுக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது.

எல்லை ஊரான பன்காவ் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். ஊசி வழி ஏற்றும் நீர் போதவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார்.

குளூக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் நீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் பிடித்துவந்து குடிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நான்குக்கும் கீழே இறங்கியது!

2022-ல் அவர் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

வாசல் தேடி வந்த பாடம்

மருந்து கிடைத்துவிட்டது. கிராமத்துத் தாய்க்கு அது தெரிய வேண்டாமா?

பசல் ஹசன் அபேத் என்பவர் 1972-ல் தொடங்கிய ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனம், 1980-ல் இந்த வேலையில் முழு மூச்சாக இறங்கியது. தாய்மார்களில் மிகப் பலருக்கு எழுத்து தெரியாது. ஆகவே பெண் ஊழியர்கள் கிராமம் கிராமமாகப் போய், வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். இதுதான் பாடம். அரை சேர் என்பது ஏறக்குறைய அரை லிட்டர். தாயின் சொந்தப் பாத்திரத்திலேயே அளவுக் குறி போட்டுக் கொடுத்தார்கள். தாயே தன் கையால் கலந்து காட்ட வேண்டும். உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து அல்லவா?

கூலியில் ஒரு புதுமை

ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளர் வருவார். சில வீடுகளைப் பொறுக்கி எடுத்துத் தாயிடம் கேள்வி கேட்பார். அவள் சரியாகச் சொன்னால் ஊழியருக்குக் கூலி அதிகம். மறந்திருந்தால் கூலி குறையும். எத்தனை வீடு ஏறி இறங்கினார் என்பது கணக்கல்ல. தாயின் மனத்தில் எவ்வளவு பதிந்தது என்பதே கணக்கு!

ஆனாலும் ஒரு தடங்கல் வந்தது. தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தார்கள். குழந்தைக்குப் பேதி கண்டபோது கலந்து கொடுத்தவர்கள் மிகச் சிலரே.

விசாரித்தபோது உண்மை தெரிந்தது. சொல்லிக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. அவர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய், அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். வீட்டில் முடிவு செய்கிற ஆண்களிடம் யாரும் பேசவில்லை என்பதும் தெரிந்தது. பிறகு சந்தையிலும் மசூதியிலும் ஆண்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகே பழக்கம் பரவியது.

1990-க்குள் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு இந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. 1980-ல் அந்த நாட்டில் பிறந்த ஐந்து குழந்தைகளில் ஒன்று, ஐந்து வயதுக்குள் இறந்தது. இன்று ஆயிரத்துக்கு முப்பது என்ற அளவுக்குச் சாவு குறைந்திருக்கிறது. தடுப்பூசிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் பேதிச் சாவை விரட்டியதில் உப்பு–வெல்ல நீருக்கு முதல் மரியாதை.

அந்த நாடு பணக்கார நாடு ஆகும்வரை காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

இன்று சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு சுத்தமான நீரில், முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கலந்த நீரை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

முதல் பேதியிலேயே கொடுக்கத் தொடங்க வேண்டும். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தையைப் பட்டினி போடவும் கூடாது. துத்தநாக மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

குழந்தை சோர்ந்து துவண்டாலோ, நீர் குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஒரு பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அதைக் கலக்கும் விதம் தாய்க்கு மட்டும் அல்ல, தகப்பனுக்கும் பாட்டிக்கும் தெரிந்திருக்கட்டும்.