நூலகர் மேசைக்கு அந்தப் பக்கம்

எந்தக் கிளை நூலகத்திலும் எனக்கு முதலில் கண் போகும் இடம் அடுக்கு இல்லை. நூலகர் மேசைக்குப் பின்னால், சுவரோரம், இன்றைக்குத் திரும்பி வந்த புத்தகங்கள் குவிந்து கிடக்கும் மூலைதான்! வரவு வைத்தாயிற்று, அடுக்கில் இன்னும் ஏறவில்லை. கள்ளக்குறிச்சியோ சின்னசேலமோ சங்கராபுரமோ, பழகிய வாசகர்கள் எல்லாருக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். உள்ளே வந்ததும் எட்டிப் பார்ப்பார்கள். "சார், அதுல என்ன இருக்கு?" அவ்வளவுதான். ஊர் இந்த வாரம் எதைப் படித்து முடித்தது என்ற ரகசியம் மொத்தமும் அங்கே கிடக்கிறது!

ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். சாய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் முத்திரைகள். சில புத்தகங்களில் முதல் தாள் நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். முதுகு கிழிந்து டேப் போட்டிருக்கும், பக்க ஓரங்கள் விரல் பட்டுப் பழுத்திருக்கும். பக்கத்திலேயே பளபளவென்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் ஒரு முத்திரைகூட விழாமல் உட்கார்ந்திருக்கும். எதைப் படிக்கலாம் என்று நீங்கள் கேட்டதும் நூலகரின் கை தானாக எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவா வேண்டும்?

இன்னொரு ரகசியம். கைதேர்ந்த நூலகர் உங்கள் வயதைக் கேட்க மாட்டார். "கடைசியா எதைப் படிச்ச பாப்பா? எது வரைக்கும் படிச்ச?" இந்த இரண்டாவது கேள்விதான் சாவி! பாதியில் விட்டது எது என்று தெரிந்தால், அடுத்து எதைக் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் குட்டிப் புத்தகங்களைக் கொண்டுவந்தபோது நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்தது. அந்தப் பெயர்களில் வகுப்பும் இல்லை, வயதும் இல்லை, என்ன அழகு! எட்டாம் வகுப்புப் பையன் 'நட'வில் இருக்கலாம், நான்காம் வகுப்புப் பொண்ணு 'பற'வில் பறக்கலாம்.

சரி, குவியலுக்குள் கையை விடுவோம்.

சின்னஞ்சிறுசுகளுக்கு அழ. வள்ளியப்பாவின் பாட்டுப் புத்தகங்கள். இதில் விவாதமே வேண்டாம், அம்மா வாய்விட்டுப் பாடினால் போதும். கொஞ்சம் வளர்ந்து "பேய்க் கதை இருக்கா? மந்திரவாதிக் கதை இருக்கா?" என்று மேசையைப் பிடித்துத் தொங்கும் வாண்டுகளுக்கு வாண்டுமாமா. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு இது பொற்காலம்! கே. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைச் சுற்றி நடக்கிறது, 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் அதே விருதைப் பெற்றது. தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தவிக்கும் பெற்றோர் கையில் நூலகர் சத்தமில்லாமல் வைக்க வேண்டிய புத்தகம் அது.

ஒன்பதாம் வகுப்புக்கு மேலே போனால், தயங்காமல் 'ஆயிஷா'. இரா. நடராசன் எழுதியது. மெல்லியது, ஒரே மாலையில் முடிந்துவிடும். ஓர் அறிவியல் ஆசிரியை தன் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாகவே கதை நகர்கிறது. கேள்வி கேட்டுக்கொண்டே இருந்த ஒரு மாணவியைப் பற்றிய முன்னுரை. எழுதியவரையே ஆயிஷா நடராசன் என்று ஊர் அழைக்கும் அளவுக்குப் போய்ச் சேர்ந்த புத்தகம். இதைப் படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் "எப்படி இருந்துச்சு?" என்று உடனே கேட்காதீர்கள். கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் மேசையை நிரப்பியிருப்பார்கள். அவர்களுக்கு இமையத்தின் 'செல்லாத பணம்', கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'. காரணம் சொல்கிறேன். இவர்கள் எழுதும் விருத்தாசலத்துப் பக்கத்துப் பேச்சும் கள்ளக்குறிச்சிப் பக்கம் பேசும் பேச்சும் ஒரே நடுநாட்டுப் பேச்சு! கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஓர் அகராதியே தொகுத்திருக்கிறார். நம் வீட்டுத் திண்ணையில் பேசுவது அச்சில் இருப்பதைப் பார்த்ததும், அதுவரை நாவல் பக்கமே போகாதவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

'பொன்னியின் செல்வன்' கதை தனிக் கதை. ஐந்து பாகத்தில் ஒரு பாகம் எப்போதும் யார் வீட்டிலோ இருக்கும்! 2022-இலும் 2023-இலும் படம் வந்தபின் கேட்கவே வேண்டாம். ஆனால் இந்த மாவட்டத்து நூலகர்களுக்கு ஒரு தனிப் பெருமை இருக்கிறது. கதையில் வரும் திருக்கோவலூர் மலையமான் நம்ம ஊர்க்காரர்! ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் வீட்டுப் பெண். இன்றைக்குத் திருக்கோவிலூர் இருப்பது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். காத்திருப்பவர்களுக்கு விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி'யை நீட்டலாம். கல்கி விட்ட இடத்திலிருந்து தொடர்கிற கதை அது.

இப்போது கல்வராயன்மலைக்கு ஏறுவோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்தபடி, கொண்டை ஊசி வளைவுகளில் வெள்ளிமலைக்கு. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். இங்கே புத்தகம் பரிந்துரைப்பதென்றால் என் ஆசை எல்லாம் சங்கப் புலவர் கபிலர்மேல்தான்! வள்ளல் பாரியின் மகளிரைப் பாதுகாப்பாக ஒப்படைத்துவிட்டு அவர் உயிர்விட்ட இடம் என்று திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைக் காட்டுகிறார்கள். அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் அடுக்கடுக்காக வருகின்றன. சமவெளியில் இருக்கும் நமக்கு அது மனப்பாடப் பட்டியல். கல்வராயன்மலைப் பிள்ளைக்கு அது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காடு! எளிய உரையுள்ள பதிப்பு ஒன்றைக் கொடுத்து, பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்தப் பூ இன்னும் பூக்கிறது, மலையில் அதற்கு என்ன பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிதான் அந்த நேரத்து உரையாசிரியர்.

பெரியவர்களுக்கு கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்'. கொல்லிமலை மக்கள் ஒன்றுசேர்ந்து நிமிர்ந்த கதை. காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்று மலையாளி மக்களிடம் ஒரு கதை உண்டு. அந்தக் கணக்கில் 'சங்கம்' பங்காளி வீட்டுக் கதை. சோளகர் பழங்குடியின் வாழ்வைச் சொல்லும் ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'யையும் கூடவே வைப்பேன். கனமான புத்தகம், மனதைத் தயார் செய்துகொண்டு தொடங்க வேண்டும்.

மலையில் குடியிருப்புகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வாசகர் வரும்வரை காத்திருந்தால் ஆகாது. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய நாடு இது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனும் எஸ்.வி. கனகசபைப் பிள்ளையும் அன்று வண்டி கட்டினார்கள். இன்று தார்ச்சாலை இருக்கிறது, வாகனம் இருக்கிறது, உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கத் துடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கரியாலூர் வரைக்கும், அதற்கு அப்பாலும், கேட்ட புத்தகம் போய்ச் சேர வேண்டும்!

கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. அந்தக் குவியலில் உங்கள் காசும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், வார விடுமுறை. சனிக்கிழமை காலையில் போங்கள், இரண்டாம் சனி இல்லாமல் பார்த்து. நூலகர் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அதுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். நீங்கள் படித்து முடித்ததையும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் என்றால், தயவுசெய்து இன்றைக்கே!