ஆறு தடவை வந்து போகும் ஆஷா அக்கா

மார்ச் மாதம் வந்தால் கேரள-தமிழக எல்லைப் பக்கத்து ஊர்களில் மகளிர் தினப் பாராட்டு விழாக்கள் தொடங்கிவிடும். கொழிஞ்சாம்பாறையானாலும் மறையூரானாலும் ஏதாவது ஒரு சங்கமோ வாசகசாலையோ மேடை போட்டு, ஊருக்கு உழைத்த பெண்களைக் கூப்பிட்டு மரியாதை செய்யும். யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தால் முதலில் வருகிற பதில்களில் ஒன்று, "நம்ம ஆஷா அக்காவைக் கூப்பிடுங்க" என்பது. நல்ல பதில். ஆனால் அந்த அக்காவின் வேலை என்ன, அதற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர், "வீடு வீடா வந்து எழுதிட்டுப் போவாங்க" என்பதோடு நிறுத்திவிடுவோம். ஒருவரை மதிக்க வேண்டுமென்றால் அவர் செய்கிற வேலையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டீ சொல்லியாயிற்று, உட்காருங்கள். ஆதியிலிருந்தே பார்க்கலாம்.

2002இல் சத்தீஸ்கரில் 'மிதானின்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கேயே வாழும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, சுகாதாரப் பயிற்சி கொடுத்து, ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நிற்கவைத்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து, 2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் 'ஆஷா' வந்தது, பிறகு நாடு முழுவதும் பரவியது. சுமார் 1,000 பேருக்கு ஒருவர். அதே ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும், 25 முதல் 45 வயதுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. இன்று நாட்டில் பத்து லட்சத்துக்கு அருகில் ஆஷாக்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் மட்டும் ஏறத்தாழ 26,000 பேர்.

அரசு ஆவணத்தில் ஆஷா ஊழியர் கிடையாது, தன்னார்வத் தொண்டர். வாரத்தில் நாலு நாள், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம், தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே செய்கிற வேலை என்றுதான் திட்டத்தை வகுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசப்போகிற எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

வேலையைப் புரிந்துகொள்ள ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழந்தை பிறந்த வீடு. ஆஸ்பத்திரியில் பிரசவமாகித் தாயும் சேயும் வீடு திரும்பினால், ஆஷா அந்த வீட்டுக்கு ஆறு தடவை போக வேண்டும்: 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில். வீட்டிலேயே பிரசவமென்றால் முதல் நாளும் சேர்ந்து ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் குழந்தையை எடை போடுவார், உடம்புச் சூடு பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவார். 60க்கு மேல் போனால் ஆபத்து. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுந்தால் அதுவும் ஆபத்து. குழந்தை பாலை உறிஞ்சிக் குடிக்கிறதா, குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று விட்டுவிட்டதா என்று கேட்பார். எடை இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால், தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்துச் சூடு காப்பது எப்படி என்று செய்து காட்டுவார். இத்தனைக்கும் நடுவில் தாயையும் பார்க்க வேண்டும். காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாளா, யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளா?

இந்த வேலை உயிர் காக்கிறதா என்று கேட்டால், காக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 39 கிராமங்களில் கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறந்து 28 நாளுக்குள் நேரும் சாவு, ஒப்பிட்டுப் பார்த்த மற்ற கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்தது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அந்த ஆய்வு வெளிவந்தது. பெரிய இயந்திரங்களை வைத்துச் சாதித்ததில்லை. கற்றுக்கொண்ட பெண்கள் சரியான நாளில் வீட்டுக்குப் போனார்கள், பலன் கிடைத்தது. இன்று ஆஷா வீடு தேடிப் போவதற்கு வழிகாட்டியது அந்த அனுபவம்தான்.

இதைப் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிக்குக் கொண்டுவந்து பாருங்கள். அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊர்கள் மலையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. 2013இல் அங்கே அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தது நாட்டையே உலுக்கியது. தாய்மாருக்கு ரத்தசோகை, வயிற்றுக்குப் போதாத சாப்பாடு, எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள், பலருக்கு அரிவாளணு நோய். அதன்பிறகுதான் ஊர்களில் சமுதாய அடுக்களைகள் வந்தன. குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் போட்டார்கள். கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் ஊருக்குள் ஒரு குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது என்கிற சேதி, கோட்டத்தறைக்குத் தானாகப் போய்ச் சேராது. யாராவது ஒருத்தி அந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்; பார்த்ததைப் புரிந்துகொள்ள வேண்டும்; மாமியாரையும் கணவனையும் பேசிச் சம்மதிக்கவைத்து ஜீப்பில் ஏற்ற வேண்டும்.

2023ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்திய அளவில் 25, கேரளத்தில் 5. இந்த ஐந்தைச் சொல்லித்தான் கேரளம் பெருமைப்படுகிறது. பெருமைப்படலாம். மாநிலச் சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அட்டப்பாடியின் ஊர்களில் அந்த எண்ணைக் காப்பாற்றும் பொறுப்பு இந்தப் பெண்களின் கால்களில்தான் இருக்கிறது.

இடுக்கிப் பக்கம் வந்தால் வேலையின் சாயல் மாறும். மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் லயங்களில் வீட்டில் பேசுவது தமிழ். அலுவலகப் படிவமெல்லாம் மலையாளம். கொழுந்து எடுக்கப் போகும் தாய் காலையில் மலையேறினால் பகல் முழுக்க வீட்டில் இருக்கமாட்டாள். ஆகவே ஆஷா அவள் நேரத்துக்குப் போக வேண்டும். டாக்டர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொல்லி, அவள் தமிழில் அழுததை மலையாளத்தில் எழுத வேண்டும். இந்த வேலைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இன்னும் உள்ளே போனால் இடமலைக்குடி. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்து. முதுவர் குடிகள் காட்டுக்குள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. நோயாளியைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்து வந்த செய்தி அங்கிருந்து திரும்பத் திரும்ப வருகிறது.

இதோடு முடியவில்லை. தடுப்பூசி நாள், காசநோய் மாத்திரை, கொசு ஒழிப்பு, சர்க்கரை ரத்த அழுத்தக் கணக்கெடுப்பு, படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழுவோடு நடப்பது, எல்லாவற்றுக்கும் அதே பெண். கொரோனாக் காலத்தில் வெளியூரிலிருந்து வந்து தனிமையில் இருந்தவர்களின் வீட்டு வாசலில் நின்றதும் அவர்தான். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்று எழுதிய காகிதம் என்றோ பொய்யாகிவிட்டது.

இனிக் காசுக் கணக்கு. ஆஷாவுக்குச் சம்பளம் கிடையாது. மாநில அரசு தரும் மாதாந்தர ஓணரேரியம் (மதிப்பூதியம்) ஒன்று. மத்தியத் திட்டத்தின் மாதாந்தர ஊக்கத்தொகை ஒன்று. செய்கிற வேலைக்கு வேலை தனித்தனி இன்சென்டிவ் இன்னொன்று. மேலே சொன்ன ஆறு தடவை வீட்டுக்குப் போகிற வேலை இருக்கிறதே, ஆறு தடவையும் போய், படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் அதற்கு மொத்தம் 250 ரூபாய். தூரத்து ஊருக்கு ஜீப் பிடித்துப் போய் வந்தாலும் அதே 250தான். பேசிப்பேசிச் சம்மதிக்கவைத்த மூன்று மணி நேரத்துக்குத் தனிக் காசு இல்லை. எண்ணிக் காட்ட முடிகிற வேலைக்குத்தான் இந்த முறையில் பணம். எண்ண முடியாத வேலைதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

2025 தொடக்கத்தில் கேரளத்தின் ஓணரேரியம் 7,000 ரூபாய். முப்பது நாளால் வகுத்தால் நாளுக்கு 233 ரூபாய். அதே நேரத்தில் கேரளத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஒரு நாள் கூலி 346 ரூபாய்.

இங்கே ஒரு லயத்தின் இரண்டு வீடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு வீட்டுப் பெண் கொழுந்து எடுக்கிறவர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்து அவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி. பி.எஃப்., கிராஜுவிட்டி, பிரசவ விடுப்பு, போனஸ் எல்லாம் அவர் உரிமை. 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் கேட்டு வாங்கினார்களே, அதற்கு அவர்களின் துணிச்சல் ஒரு காரணம். தொழிலாளி என்கிற சட்ட நிலை இன்னொரு காரணம். பக்கத்து வீட்டுப் பெண் ஆஷா. முன்னவரின் தங்கையாகவோ மகளாகவோகூட இருக்கலாம். அவருக்கு இவற்றில் ஒன்றும் உரிமையில்லை. ஏனென்றால் அவர் செய்வது வேலை என்று எழுதப்படவில்லை, சேவை என்று எழுதப்பட்டிருக்கிறது.

2022 மே 22 அன்று உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு உலகச் சுகாதாரத் தலைவர்களுக்கான விருதைக் கொடுத்தது. அந்த ஆண்டு அதே விருது, போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போய்ச் சுட்டுக்கொல்லப்பட்ட எட்டு ஆப்கானியத் தொண்டர்களுக்கும் கிடைத்தது. அத்தனை உயரமான மரியாதை. மூன்று வருடம் கழித்து, 2025 பிப்ரவரி 10 அன்று, அந்த விருதுக்குரிய பெண்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கேட்டது மாதம் 21,000 ரூபாய், ஓய்வு பெறும்போது 5 லட்சம். மார்ச் 20 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஐம்பதாம் நாளான மார்ச் 31 அன்று தலைமுடியை வெட்டினார்கள், சிலர் மொட்டையே அடித்துக்கொண்டார்கள். எட்டு மாதத்துக்கும் மேல் அந்தப் போராட்டம் நீண்டது. முடிவில் ஓணரேரியம் 8,000 ஆனது. மத்திய அரசு தன் பங்குக்கு மாதாந்தர ஊக்கத்தொகையை 2,000இலிருந்து 3,500 ஆக்குவதாக நாடாளுமன்றத்தில் சொன்னது. இரண்டு அரசுகளும் பொறுப்பை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்ட நாட்களில் அக்காக்கள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நியாயமான சந்தேகம் எழும். சம்பளம் கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடாதா? ஊர்க்காரி என்கிற நெருக்கம் கெட்டுவிடாதா? நர்ஸுக்குச் சம்பளம் இருக்கிறது, நல்ல நர்ஸின் கருணை குறைந்துவிடவில்லை. வாத்தியாருக்குச் சம்பளம் இருக்கிறது, பிள்ளைகள்மேல் பாசம் வைக்கிற வாத்தியார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டே நடக்கும் பெண்ணைவிட, மாதம் பிறந்தால் அரிசிக்குக் கவலையில்லாத பெண் குழந்தையின் மூச்சை நிதானமாக எண்ணுவார். 2013இலேயே 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இப்படித் திட்டங்களில் உழைப்பவர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் தரச் சொல்லிப் பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்பளித்தது. வழி திறந்துதான் இருக்கிறது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? முதலில், விழா மேடையில் அவருடைய வேலையைச் சரியாகச் சொல்லுங்கள். "தியாகத் திருவிளக்கு" என்று புகழ்வதற்குப் பதில், இந்த வருடம் எத்தனை பிரசவ வீடுகளுக்குப் போனார், எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தார் என்று வாசியுங்கள். அவர் வேலை திறமை வேண்டிய வேலை என்பது ஊருக்குத் தெரியட்டும். இரண்டாவது, பஞ்சாயத்தைக் கேளுங்கள். பாலக்காடு நகராட்சி உட்பட சில உள்ளாட்சிகள் 2025இல் தங்கள் பட்ஜெட்டிலேயே ஆஷாக்களுக்குக் கூடுதல் தொகை அறிவித்தன. மலைப் பஞ்சாயத்துகளில் ஜீப் வாடகையையாவது பஞ்சாயத்து ஏற்கலாம். துணைச் சுகாதார மையத்தில் அவர் உட்கார இடமும், போக ஒரு கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அது கூடியாக வேண்டும் என்பது சட்டம். ரேஷன் கார்டுக்கும் வீட்டுக்கும் அங்கே எழுந்து பேசுகிறோம். அடுத்த தடவை ஆஷாவுக்காகவும் எழுந்து பேசுவோம். அவரைத் தொழிலாளியாக ஏற்க வேண்டும், குறைந்தபட்சக் கூலியும் ஓய்வுக்காலப் பணமும் தர வேண்டும் என்று மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் ஒரு தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றச் சொல்வோம். இந்தக் கோரிக்கையை இதுவரை பெரும்பாலும் அவர்களே தங்களுக்காகக் கேட்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்து வளர்த்த பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் கேட்டால் அதன் கனம் வேறாக இருக்கும். ஊர் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.