சம்பங்கியில் நூற்புழு: கண்டறிவது எப்படி?

சுந்தரபாண்டியத்தை அடுத்த திருவில்லிபுத்தூர், ஆண்டாள் மாலை சூடிக்கொடுத்த ஊர். பூவின் அருமையை இவ்வட்டாரத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சம்பங்கி மலராமல் மொட்டிலேயே கருகினால், கைக்குக் கிடைத்த மருந்தைத் தெளிப்போர் பலர். பூசண மருந்து நூற்புழுவைக் கொல்லாது. பணமும் உழைப்புமே வீணாகும். ஆகவே, முதற்கண் காரணத்தை அறிதல் வேண்டும்.

நூற்புழு என்றதும் வேர்முடிச்சே நம் நினைவுக்கு வரும். ஆனால், இலையிலும் மொட்டிலும் வாழும் இனமும் உண்டு. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. செடிமீது படியும் பனிநீரிலும் மழைநீரிலும் நீந்தி அது மேலேறும். மேற்கு வங்கத்தின் ராணாகாட் பகுதியில் சம்பங்கியைத் தாக்கியது இதுவே என்று 1990-களில் கண்டறியப்பட்டது. நெல்லில் வெண்நுனி நோயை உண்டாக்குவதும் இதே இனந்தான். எனவே, நெல்லும் சம்பங்கியும் பயிரிடுவோர் இரண்டையும் கவனித்தல் நன்று.

நோயுற்ற சம்பங்கியின் பூந்தண்டு சொரசொரப்பாகிக் குறுகும்; இதழ்களில் பழுப்புக் கோடுகள் தோன்றும்; மொட்டுகள் விரியாமல் கருகும். செவ்வந்தி போன்ற செடிகளிலோ, இலை நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலான பழுப்புத் திட்டுகள் கீழிலையில் தொடங்கி மேலே பரவும்.

கண்ணால் கண்டது மட்டும் போதாது. நோய் தொடங்கிய, அழுகாத மொட்டுகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் ஓர் இரவு ஊறவிடுக. காலையில் துண்டுகளை நீக்கி, அடியில் தங்கிய நீரைக் கண்ணாடித் தட்டில் இட்டு, இருபது மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் நோக்குக. மெல்லிய நூல்போன்றவை நெளிந்தால் நூற்புழு உண்டென்று ஐயுறலாம். நலமான செடியின் மொட்டையும் இவ்வாறே சோதித்து ஒப்பிடுக.

எனினும், அழுகும் பொருளில் தீங்கற்ற நூற்புழுக்களும் வாழும். பயிரைத் துளைத்து உண்ணும் இனத்திற்கு வாயில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. அதை நுண்ணோக்கியில்தான் காண இயலும். எனவே, மாதிரியைக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூற்புழுவியல் துறைக்கு அனுப்பி இனத்தை உறுதிசெய்து கொள்ளுதல் நலம்.

நோய் உறுதியானால், அச்செடிகளைக் கிழங்கோடு அகற்றி எரித்துவிடுக. தலைமேல் நீர் தெளிப்பதைத் தவிர்க்க. இப்புழு கிழங்கின் வழியேயும் பரவும். நோயுற்ற தோட்டத்துக் கிழங்கை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது, அன்போடு நோயையும் கொடுப்பதாகும். விதைக்கிழங்கு வாங்குமுன் அத்தோட்டத்தின் பூக்களை நேரில் பார்ப்பதே முதற்காப்பு.