யாருடைய சராசரி? குழந்தையின் வளர்ச்சியை மென்பொருள் மதிப்பிடும் விதம்

உங்கள் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தால், இந்தக் கேள்விகள் உங்களுக்குப் பழக்கமானவைதாம். பிடிமானம் இல்லாமல் நடக்கிறதா? இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறதா? 'அம்மா', 'அப்பா' தவிர வேறு சொற்கள் சொல்கிறதா? தாதி கேட்பார், நீங்கள் 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்பீர்கள். இத்தகைய பதில்களை வாங்கி ஒரே எண்ணாகச் சுருக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. அந்த எண் 'சராசரிக்குக் கீழே' என்று சொன்னால், நாம் முதலில் கேட்க வேண்டியது: யாருடைய சராசரி?

அறுபது மதிப்பெண் நல்லதா?

ஒரு மாணவர் அறிவியலில் 60 மதிப்பெண் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் அவர் முதல் மாணவர். இன்னொரு வகுப்பில் கடைசி மாணவர். மதிப்பெண் மாறவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம் மாறினார்கள். குழந்தை வளர்ச்சியை அளப்பதிலும் இப்படி ஒரு வகுப்பு உண்டு. அதை ஒப்பீட்டுக் குழு என்று அழைப்போம்.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிய 'டி-ஸ்கோர்' என்ற அளவுகோலைப் பாருங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் அளப்பதுபோல் வளர்ச்சியை ஒரே அளவுகோலில் அளப்பது அதன் நோக்கம். தலையை நிமிர்த்துவது எளிய செயல். வாக்கியமாகப் பேசுவது கடினமானது. இப்படி ஒவ்வொரு செயலுக்கும் அளவுகோலில் ஓரிடம் உண்டு. குழந்தை எவற்றைச் செய்கிறது, எவற்றைச் செய்யவில்லை என்பதை வைத்து, அது அளவுகோலில் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுவார்கள்.

அடுத்த படியில்தான் ஒப்பீடு வருகிறது. அதே வயதுக் குழந்தைகளின் சராசரியிலிருந்து இந்தக் குழந்தை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை 'இசட் மதிப்பு' காட்டும். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: குழந்தையின் டி-ஸ்கோர் 60. முதல் குழுவின் சராசரி 68, திட்ட விலக்கம் 4 என்றால் இசட் மதிப்பு -2. நூறு குழந்தைகளில் ஏறக்குறைய இருவரே இதைவிடக் கீழே இருப்பார்கள்; குழந்தையை மேல்பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லும் இடம் அது. இரண்டாவது குழுவின் சராசரி 64, திட்ட விலக்கம் அதே 4 என்றால் இசட் மதிப்பு -1. இப்போது ஏறக்குறைய 16 பேர் கீழே இருப்பார்கள்; யாரும் கவலைப்பட மாட்டார்கள். குழந்தை அதேதான், அது அடுக்கிய கட்டைகளும் அவைதாம்.

பட்டியலில் யார் இருக்கிறார்கள்?

டி-ஸ்கோரைக் கணக்கிடும் மென்பொருளில் ஒப்பீட்டுக் குழுவைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். ஒரு குழு, 1988-89இல் நெதர்லாந்தில் பிறந்த சுமார் 2,000 குழந்தைகளை அடிப்படையாகக் கொண்டது. இன்னொன்று சிலி, எத்தியோப்பியா, இந்தோனேசியா, ஜமைக்கா உள்ளிட்ட பல நாடுகளின் பழைய ஆய்வுகளை இணைத்து உருவானது. வறுமையிலும் ஊட்டச்சத்துக் குறைவிலும் வளர்ந்த குழந்தைகளும் அதில் உண்டு. மூன்றாவது, உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய அளவீட்டுத் திட்டத்துக்காகப் பங்களாதேஷ், பாகிஸ்தான், தான்சானியா நாடுகளில் திரட்டப்பட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பதில்கள் வருவதற்கு முன்பே, 'இந்த வயதுக் குழந்தை பொதுவாக இங்கே இருக்கும்' என்ற ஊகத்துடன்தான் மென்பொருள் கணக்கைத் தொடங்குகிறது. பதில்கள் நிறைய இருந்தால் அந்த ஊகம் மங்கிவிடும். நான்கைந்து கேள்விகள் மட்டும் கேட்டிருந்தால், ஊகத்தின் பக்கமே விடை சாயும்.

பால் புட்டி சொன்ன பாடம்

ஒப்பீட்டுக் குழு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எடை அட்டையே சாட்சி. 1970களின் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் பயன்பட்ட வளர்ச்சி வரைபடத்தில், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான பகுதி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்தவர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்களுக்குப் பிறகு அவர்களைவிட மெதுவாக எடை கூடுவது இயல்பு. ஆனால் வரைபடத்தில் அது பின்தங்குவதாகத் தெரிந்தது. நலமாக இருந்த குழந்தைக்குத் தாய்ப்பால் போதவில்லை என்று நினைத்து மாவுப்பால் கொடுக்க அது வழிவகுத்தது.

இதைச் சரிசெய்ய உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை ஆராய்ந்தது. தாய்ப்பால், புகைபிடிக்காத தாய், நல்ல சுகாதாரம் என்று நல்ல சூழலில் வளரும் குழந்தைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் வெளியான அந்த வரைபடம், குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. நல்ல சூழலில் எப்படி வளர முடியும் என்பதைச் சொன்னது. முன்னது விவரிப்பு, பின்னது இலக்கு. ஒப்பீட்டுக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர் தமக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நலமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்து கிடந்தது. 4.3 விழுக்காட்டினர் கையும் காலும் ஊன்றித் தவழவே இல்லை.

சரியான குழு எது?

எல்லாவற்றுக்கும் பொருந்தும் குழு என்று ஒன்று இல்லை. நாடுகளை ஒப்பிட எல்லாருக்கும் பொதுவான குழு வேண்டும். ஒரு திட்டத்தின் பலனை ஆண்டுதோறும் அளந்தால், இடையில் குழுவை மாற்றக் கூடாது. மாற்றினால் முன்னேற்றம் குழந்தையிடமா, கணக்கிலா என்று தெரியாது. தனிக் குழந்தையைப் பரிசோதிக்க, அதே சூழலில் வளரும் குழந்தைகளின் தரவு உதவும். அமெரிக்காவின் டென்வர் நகரில் 1967இல் உருவான பரிசோதனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சிங்கப்பூர்க் குழந்தைகளைக் கொண்டு இங்கே மறுசீரமைத்தது அதனால்தான்.

தேர்வு இரண்டு பக்கமும் தவறலாம். அளவு கடுமையானால், நலமான குழந்தையின் பெற்றோர் தூக்கம் இழப்பார்கள். அளவு தளர்ந்தால், செவித்திறன் குறைந்ததால் பேச்சு வராத குழந்தை 'சரிதான்' என்று வீட்டுக்கு அனுப்பப்படும். முதலாவது தவறு சில வாரங்களில் தெளிந்துவிடலாம். இரண்டாவது, குழந்தை மொழி கற்கும் பொன்னான மாதங்களைத் தின்றுவிடும்.

ஆகவே, செயலியோ கணினியோ ஓர் எண்ணைக் காட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை கேள்விகளை வைத்துக் கணக்கிட்டார்கள்? குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் வயதைத் திருத்திக்கொண்டார்களா? எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தையைப் பிறந்த தேதியை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமில்லை.

எண் எதுவானாலும், குழந்தை முன்பு சொன்ன சொல்லை இப்போது சொல்லவில்லை, முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்க எந்த ஒப்பீட்டுக் குழுவும் தேவையில்லை. நேற்றைய உங்கள் குழந்தையோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டாலே போதும்.