கடைசிக் கம்பத்து வீடுகள்: புயலும் மின்சாரமும் பாதுகாப்புக்கான உரிமையும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2011 டிசம்பர் 30 அன்று, தானே புயல் கடலூர்க் கடற்கரையை இதேபோல இருளில் ஆழ்த்தியது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் மின்சாரம் எப்போது திரும்பும் என்பதே பேச்சாகிறது. திரும்பி வரும் மின்சாரம் யாருடைய வீட்டில் உயிரைப் பறிக்கக் காத்திருக்கிறது என்ற கேள்வி எழுவதில்லை. அக்கேள்வியைச் சாதியின் நிலவியலோடு சேர்த்தே நாம் எழுப்ப வேண்டியுள்ளது.

மின்சீரமைப்புக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணைமின் நிலையம், அடுத்து உயரழுத்தப் பாதை, பின்பு மின்மாற்றி, இறுதியாகக் கிளைப் பாதைகள். இது தொழில்நுட்பத் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், சேரி பெரும்பாலும் ஊருக்கு வெளியே, தாழ்வான நிலத்தில், கிளைப் பாதையின் கடைசியில் இருப்பதைத் தொழில்நுட்பம் தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணத்தில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் ஆவணப்படுத்தியுள்ளன. அந்தப் பாகுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. மின்பாதையின் பாகுபாடோ தொழில்நுட்பம் என்னும் போர்வைக்குள் மறைந்துகொள்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். குடிசைகளுக்கு ஒற்றை விளக்குக்கென வழங்கப்பட்ட இலவச இணைப்பு ஒரு காலத்தில் பெரும் வெளிச்சம். பின்னர் அரசே தொலைக்காட்சியும், மின்விசிறியும், மிக்சியும், கிரைண்டரும் வழங்கியது. கருவிகள் பெருகிய வேகத்தில் வயரிங் மாறவில்லை. ஒரு விளக்குக்காக இழுக்கப்பட்ட மெல்லிய கம்பியிலேயே ஒட்டுப்போட்டு அத்தனையும் ஓடுகின்றன. கடலோர உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கிறது. ஒட்டுப்போட்ட இடங்களில் உப்பும் ஈரமும் படிந்து மின்கசிவு தொடங்குகிறது. தகரக் கூரையின் விளிம்பில் உரசும் வயரின் மேலுறை தேய்ந்தால், கூரை முழுவதும் மின்சாரம் பாய்கிறது. வீட்டருகே உள்ள மின்கம்பத்திலிருந்து கட்டப்படும் துணி உலர்த்தும் கொடிக்கம்பியிலும் இதே ஆபத்து உண்டு.

“ப்யூஸ் இருக்கிறதே, போய்விடுமே” என்று பலரும் நம்புகின்றனர். இங்கே ஓர் அடிப்படை உண்மையை விளக்க வேண்டும். ப்யூஸ் காப்பது கம்பியை, மனிதரை அன்று. சிறிய ப்யூஸ்கூட 5 ஆம்பியர், அதாவது 5,000 மில்லி ஆம்பியர் தாண்டினால்தான் உருகும். மனித உடலில் சில பத்து மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகிப் பிடியை விட முடியாமல் போகும். இதயத் துடிப்பும் குலையக்கூடும். ஒருவர் இறந்த பின்னும் ப்யூஸ் அப்படியே இருப்பது இதனால்தான். ‘ட்ரிப்பர்’ எனப்படும் எம்.சி.பி.யும் மிகைமின்னோட்டத்தைத் தடுக்கும் கருவியே.

நில இணைப்பான ‘எர்த்’ சரியாக இருந்தாலாவது கசிவு மின்சாரம் மண்ணுக்குப் போகும். ஆனால், உப்பு மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் சில ஆண்டுகளிலேயே அரித்துவிடுகிறது. எர்த்தின் மின்தடை 20 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 11.5 ஆம்பியர்தான் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு அசையாது, கருவியின் உலோக உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும்.

மனிதரைக் காக்கவென்றே உருவான கருவி ஆர்.சி.சி.பி. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வருவதையும் அது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. விலை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். ஒருவர் இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் இக்கருவி உதவாது, மிகைமின்னோட்டத்துக்கு எம்.சி.பி. தனியாக வேண்டும். எனினும், கசிவினால் நேரும் சாவுகளுக்கு இதைவிட எளிய தடுப்பு இல்லை.

அப்படியானால் இது ஏன் கடைசிக் கம்பத்து வீடுகளில் இல்லை? மத்திய மின்சார ஆணையம் 2010இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகள் கசிவுத் தடுப்புக் கருவியைக் கட்டாயமாக்கியபோது, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த வீட்டு இணைப்புகளுக்கு விலக்களித்தன. வரம்பு பின்னர் குறைக்கப்பட்டது. ஆயினும் அதிலுள்ள தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும்: எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்பதே அளவுகோல், எவ்வளவு ஆபத்து என்பதன்று. ஒரேயொரு விளக்கு எரியும் ஈரச்சுவர்க் குடிசை, குளிரூட்டி ஓடும் மாடிவீட்டைவிடப் பாதுகாப்பானது என்று கருதும் விதி, ஏழையின் உயிரை யூனிட் கணக்கில் அளக்கிறது.

சாவு நேர்ந்த பின் ‘கவனக்குறைவு’, ‘திருட்டு மின்சாரம்’ என்ற சொற்கள் கோப்புகளில் ஏறுகின்றன. அறுந்து விழுந்த மின்கம்பியில் சிக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு எதிராக மத்தியப் பிரதேச மின்வாரியம் தொடுத்த மேல்முறையீட்டில், மூன்றாம் நபர் ஒருவர் திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததே காரணம் என வாதிடப்பட்டது. 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான பொருளைக் கையாளும் வாரியத்துக்கு, கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்றது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, மின்விபத்துகளை அறிவிக்கவும் விசாரிக்கவும் வழிசெய்கிறது. அந்த விசாரணை அறிக்கையைக் கேட்டுப் பெறுவதே இழப்பீட்டுப் போராட்டத்தின் முதற்படி. அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமின்றிக் குடியிருப்பவரும் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. பட்டா இல்லாக் குடும்பங்களுக்காக வாதிடுவோர் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

மீட்டருக்கு அப்பாலுள்ள வயரிங் வீட்டாரின் பொறுப்பு. எனவே, குடியிருப்புகளில் பணிசெய்யும் தோழர்களும் மாணவர்களும் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. ஆர்.சி.சி.பி. உள்ள வீடுகளில் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் செய்தல். முந்தைய வெள்ளம் ஏறிய அடையாளத்துக்கு மேலே ஸ்விட்ச் பெட்டிகளை உயர்த்துதல். ப்யூஸில் தடித்த செம்புக்கம்பி சுற்றும் வழக்கத்தை நிறுத்துதல். புயல் எச்சரிக்கை வந்தால், தண்ணீர் புகும் முன்பே மெயினை அணைத்தல். புகுந்த பின் ஈரத்தில் நின்று அதைத் தொடாதிருத்தல். தண்ணீர் வடிந்த பின், வயர்மேன் மின்காப்பைச் சோதிக்கும் வரை இணைப்பு கொடுக்காதிருத்தல். அறுந்து கிடக்கும் எந்தக் கம்பியிலும் மின்சாரம் இருப்பதாகவே கருதி விலகி நின்று, மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவித்தல்.

ஆனால், அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்திடம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கருவி வாங்கு என்று அறிவுரை சொல்லிவிட்டு நகர்வது அரசியலாகாது. 2030க்குள் எட்டு லட்சம் குடிசைகளுக்கு மாற்றாக, வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாயில் கான்கிரீட் வீடுகள் கட்டும் கலைஞர் கனவு இல்லத் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது. அவ்வீடுகளும் பழைய காலனி வீடுகளும் ஆர்.சி.சி.பி., சோதித்துச் சான்றளிக்கப்பட்ட எர்த், போதிய தடிமனுள்ள வயரிங் ஆகியவற்றைப் பெற வேண்டும். கடலோர மாவட்டங்களில் அதன் செலவை அரசே ஏற்க வேண்டும். புயலுக்குப் பிந்தைய மின்சீரமைப்பின் நாள்கணக்கு ஊர்வாரியாக மட்டுமின்றிக் குடியிருப்புவாரியாகவும் வெளியிடப்பட வேண்டும். கிராம சபைகளில் இக்கோரிக்கைகளைத் தீர்மானங்களாக்குவோம். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அவை பதிவாக வேண்டும்.