குளிரூட்டிக்குள் இருக்கும் வாயு எது?

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலம் முதல் 2009 வரை வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி மின்வலையின் மின்சாரம் இன்றியே இருந்தது. இன்று கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரக் கடைகளிலும், மருந்தகங்களிலும், சில வீடுகளிலும் குளிரூட்டிகள் ஓடுகின்றன. அவற்றை வாங்கும்போது விலையையும் பெயரையும் பார்க்கின்றோம். உள்ளே இருக்கும் வாயுவைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பழுதுபார்க்க வருபவர் “காஸ் முடிஞ்சுது, அடிக்க வேணும்” என்று சொல்லும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே எமக்கு நினைவுக்கு வருகிறது.

உண்மையில் அந்த வாயு முடிந்துபோகும் பொருள் அல்ல. விளக்கில் மண்ணெண்ணெய் எரிந்து தீர்வதுபோல அது தீர்வதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் ஆவியாகி வெப்பத்தை வாங்குகிறது. வெளிப்பெட்டியில் கொம்பிரசர் அதை அழுத்த, மீண்டும் திரவமாகி வெப்பத்தை வெளியே விடுகிறது. வாயு குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. ஒழுக்கை அடைக்காமல் வருடந்தோறும் வாயு நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

பழைய குளிரூட்டிகளில் இருப்பது ஆர்-22. அதிலுள்ள குளோரீன் ஓசோன் படையைக் கெடுக்கும். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் இணைந்தது. அதன்படி எம்மைப் போன்ற நாடுகள், பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்கான சிறு அளவு தவிர, 2030இல் ஆர்-22ஐ நிறுத்தவேண்டும். அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் புவியை வெப்பமாக்குவதில் அது பொல்லாதது. ஒரு கிலோ ஒழுகினால் ஏறக்குறைய 2,000 கிலோ காபனீரொட்சைட்டு விட்டதற்குச் சமம். அதாவது சுமார் 900 லீற்றர் பெற்றோலை எரித்ததுபோல. ஒரு போத்தல் பெற்றோலுக்காக அலைந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென விளங்கும்.

ஆர்-410ஏயில் வேறொரு குறையும் உண்டு. வெளி வெப்பம் 35 பாகையைத் தாண்டும் மதியங்களில் அதன் வலு ஆர்-22ஐவிட வேகமாகக் குறையும். எமது பிரதேசத்தில் குளிர் தேவைப்படுவதும் அந்த வேளையில்தானே!

இப்போது கடைகளில் அதிகம் வருவது ஆர்-32. ஒரு கிலோவின் பாதிப்பு 675 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். அதே வேலைக்கு ஆர்-410ஏயைவிடக் குறைந்த வாயு போதும். மெல்லத் தீப்பற்றும் தன்மை கொண்டதாகையால், வாயு இருக்கும் குழாயில் தீ பிடித்து ஒட்டக்கூடாது. புரொப்பேன் என்னும் ஆர்-290 இன்னும் நல்லது. அதன் வெப்பமாக்கும் பாதிப்பு மிக அற்பம். இந்தியாவில் கோத்ரேஜ் நிறுவனம் 2012 முதல் அத்தகைய குளிரூட்டிகளை விற்றுள்ளது. ஆனால் அது அடுப்பு வாயுவின் இனம்; எளிதில் பற்றும். அதற்கென்றே செய்த இயந்திரத்தில், அளந்த சிறு அளவில் மட்டுமே இருக்கவேண்டும்.

இங்கேதான் நாம் அழுத்திச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. பழைய ஆர்-22 இயந்திரத்தில் சமையல் எரிவாயுவை அடித்தாலும் அறை குளிரும். குளிர்கிறதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த இயந்திரத்தின் மின்சுவிட்சுகள் பொறி பறப்பதைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. மூடிய படுக்கையறையில் ஒழுகினால் ஒரு பொறி போதும். ஆர்-410ஏயையும் அதில் அடிக்கக்கூடாது. அதன் அமுக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல், மசகெண்ணெயும் வேறு.

புதிதாக வாங்குபவர்களுக்கு இன்றைய நிலையில் ஆர்-32 பொருத்தமானது என்பது எமது கருத்து. ஆர்-22 இயந்திரம் நன்றாக ஓடினால் தூக்கி எறியவேண்டியதில்லை. அது ஓடும்வரை ஓடட்டும். வெளிப்பெட்டியின் தகட்டில் வாயுவின் பெயரும் அளவும் எழுதப்பட்டிருக்கும். அதைக் கொப்பியில் குறித்து வையுங்கள். பழுதுபார்ப்பவர் ஒழுக்கைத் தேடினாரா, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் இழுத்து எடுத்தாரா, புதிய வாயுவைத் தராசில் நிறுத்து அடித்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய வாயுவை வெளியே திறந்துவிடாமல் சிலிண்டரில் மீட்கும் கருவி அவரிடம் உண்டா என்பதையும், வேலையைக் கொடுக்கும் முன்னரே கேட்டுவிடுங்கள்.