தாமரை இலை சொல்லும் குழாய்க் கணக்கு

திருச்சானூரில் கோயில் கொண்டிருக்கும் தாயாரின் பெயரான அலர்மேல் மங்கை என்பதில் ‘அலர்’ தாமரையைக் குறிக்கிறது. அங்குள்ள பத்மசரோவரத்தில் பொற்றாமரையில் தோன்றியவள் என்று தலபுராணம் சொல்லும். அந்தப் பூவுக்குக் கிடைத்த பெருமை அதன் இலைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பொறியியலார் உற்றுப் பார்க்க வேண்டியது இலையைத்தான்.

தாமரை இலையின் காம்பு விளிம்பில் அல்லாமல் நடுவில் பொருந்தியிருக்க, அங்கிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலப் புறப்படும் நரம்புகள் விளிம்பை நெருங்க நெருங்க இரண்டிரண்டாகக் கவைத்துப் பிரிகின்றன. அப்படிப் பிரியாவிட்டால், நரம்புகளுக்கிடையே உள்ள வெளி அகன்றுகொண்டே போய், ஓரப்பகுதிக்கு நீர் எட்டாது.

கிளைகள் எவ்வளவு மெலியலாம் என்பதே நுட்பமான கேள்வி. குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு நீரை அதே தொலைவு தள்ளுவதற்கு 16 மடங்கு அழுத்தம் வேண்டும். அதற்கு அஞ்சி எல்லாக் குழாய்களையும் பருமனாக்கினால், அவற்றை நிரப்பும் நீர்மத்தைப் பேணும் செலவு ஏறிவிடும். இவ்விரண்டு செலவுகளின் கூட்டுத்தொகை எப்போது மிகக் குறைவாகும் என்பதை, 1926-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் செசில் மர்ரி இரத்தக் குழாய்களுக்காகக் கணக்கிட்டு, தாய்க்குழாயின் ஆரத்தின் மும்மடி, கிளைகளின் ஆரங்களுடைய மும்மடிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று கண்டார். இதன்படி 10 மி.மீ. விட்டமுள்ள குழாய் இரு சமகிளைகளாகப் பிரியும்போது, ஒவ்வொன்றும் பாதியளவான 5 மி.மீ. அன்று, ஏறத்தாழ 7.9 மி.மீ. இருக்க வேண்டும், ஐந்து முறை கவைத்து 32 குழாய்களான பின்பும் ஒவ்வொன்றின் விட்டம் 3 மி.மீ.-க்குச் சற்று மேலேயே நிற்கும்.

மின்னணுக் கருவிகளின் வெப்பத்தை அகற்றும் தட்டுகளில் இக்கணக்கு நேரடியாகப் பயன்படுகிறது. வட்டத் தட்டின் நடுவில் குளிர்நீரைச் செலுத்தி, கவைத்துச் செல்லும் நுண்கால்கள் வழியே விளிம்புக்கு அனுப்பும் அமைப்புகளை, ஏட்ரியன் பெஜான் என்னும் பொறியியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவற்றின் வரைபடத்துக்கும் தாமரை இலைக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது.

எனினும் வடிவத்தை மட்டும் பார்த்து வரைவது தவறாகும். திருச்சானூரை ஒட்டி ஓடும் சுவர்ணமுகிக்கும் கிளைகள் உண்டு. ஆனால் அது திறந்த படுகையில் மணலை அரித்து ஓடுவதால், மூடிய குழாய்க்குரிய இவ்விதி அதற்குப் பொருந்தாது. குழாய்க்குள்ளேயே நீர் அமைதியாக வழுக்கிச் செல்லாமல் சுழித்துக் கொந்தளித்தால், மும்மடி என்பது 7/3 அடுக்காகக் குறைந்துவிடும். அப்போது அதே 10 மி.மீ. குழாயின் கிளைகளுக்கு உரிய விட்டம் 7.4 மி.மீ.